மூணு சொல்வது யார்?

வேளாங்கண்ணிக் கதையில் எல்லோருக்கும் பிடித்த இடம், அந்த மோர்க்காரப் பையன் எழுந்து ஓடுகிற இடம். நடுத்திட்டு ஆலமரத்தடியில் பானையோடு உட்கார்ந்திருக்கிறான். கால் விளங்காது. கையில் குழந்தையோடு வந்த ஒரு அம்மா, பிள்ளைக்குக் கொஞ்சம் மோர் கேட்கிறாள். கொடுக்கிறான். நாகப்பட்டினத்துப் பெரிய மனிதர் ஒருவரிடம் போய், இந்த இடத்தில் எனக்கு ஒரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். போகிறான். கால் வந்துவிட்டதே அவனுக்கு ஓட ஓடத்தான் தெரிந்தது என்று மரபு சொல்கிறது.

எனக்குப் பிடித்த இடம் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அந்தப் பையனின் தாய் ஓர் ஏழை விதவை. ஒரு பானை மோரையும் நிற்கக்கூட முடியாத பிள்ளையையும் தினமும் அந்தத் திட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். கதை சொல்கிறவர்கள் இதை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அங்கேயே நின்று பார்க்கத் தோன்றும். பானையை முதலில் கொண்டுபோனாளா, பிள்ளையையா? ஆலமரத்து நிழல் நகர்ந்தபோது அவனை யார் நகர்த்தி உட்கார வைத்தார்கள்? பானையை அவன் கைக்கு எந்தப் பக்கம் வைத்தாள்? பிள்ளையை வீட்டில் படுக்கவைத்துவிட்டு அவளே மோர் விற்கப் போயிருக்கலாம், வேலை பாதியாகக் குறைந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. அவனை வியாபாரியாக உட்கார வைத்தாள். பிறகு வந்த மாதாவும் அவனுக்கு எதையும் கொடுப்பதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேட்டு வாங்கினாள். கதையின் நயமே இந்த இரண்டு பெண்களும் ஒரே மாதிரி நடந்துகொண்டதில் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்தக் கட்சிக்கு நான் வந்து சேர்ந்தது, வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரம் பெரியம்மா வீட்டில் இருந்தபோது. பெரியம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததில் இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது, அதிகாரம் அதைவிடத் தெளிவாக இருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள செருதூரிலிருந்து ஓர் அக்கா வருகிறார். மீனவர் வீட்டுப் பெண், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரியம்மாவை ‘டீச்சர்’ என்பார், என்னை ‘தம்பி’ என்பார். இரவில் அண்ணி பார்த்துக்கொள்வார்.

முதல் நாள் காலை, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதைப் பார்த்தேன். நான் நினைத்திருந்தது, தூக்குவார் என்று. தூக்கவேயில்லை. பெரியம்மாவைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று குனிந்து பார்த்தார். வீல்சேரைப் பெரியம்மாவின் வலப்பக்கம், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தினார். நல்ல கால் இருக்கும் பக்கமாகத்தான் எப்போதும் நகர வேண்டும். அதனால் போகும்போது கால்மாட்டைப் பார்த்து நிற்கிற வண்டி, திரும்பிவந்து படுக்கும்போது தலைமாட்டைப் பார்த்து நிற்கும். இரண்டு பிரேக்கையும் போட்டு, போட்ட பிறகு வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். கால் தாங்கிகளை மேலே மடித்தார். தன் முழங்காலைப் பெரியம்மாவின் இட முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தார், அந்தக் கால் மடங்கிவிடாமல் இருக்க. பெரியம்மாவின் இடக்கையை மட்டும் தொடவேயில்லை. அதைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும். தளர்ந்த தசை அதைத் தாங்காது.

“என் தோளுக்குப் பின்னால என்னமோ விழுந்து கெடக்கு, குனிஞ்சு பாருங்க டீச்சர்” என்றார்.

பெரியம்மா முன்னால் சாய்ந்தார். உட்கார்ந்தவர் எழுவதற்கு மூக்கு கால்விரல்களுக்கு நேராக வந்தாக வேண்டும். பின்னால் சாய்ந்தபடி யாராலும் எழ முடியாது. ‘முன்னால சாயுங்க’ என்று சொன்னால் பயந்துபோய்ப் பின்னால் சாய்வார்கள். எதையோ பார்க்கச் சொன்னால் உடம்பு தானாக வருகிறது.

இதெல்லாம் பிசியோதெரபி தெரிந்த யாரும் சொல்லிக்கொடுக்கக்கூடியது. அடுத்ததைத்தான் நான் ரசித்தேன். எழுப்புவதற்கு முன் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணுவது எல்லா இடத்திலும் இருக்கிற வழக்கம், எண்ணுகிறவர் தூக்குகிறவர்தான். இங்கே அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றார். பெரியம்மா எண்ணினார். “ஒண்ணு.” மூச்சு வாங்கினார். “ரெண்டு.” ஜன்னலில் காக்கா வந்ததைப் பார்த்தார். அக்கா அப்படியே முட்டுக் கொடுத்த முழங்காலோடு, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்தபடி நின்றார். குனிந்த முதுகில் அப்படி நிற்பது சுலபமல்ல. “மூணு” என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் இருவரும் எழுந்தார்கள். பாதித் திருப்பம். உட்கார்ந்தாயிற்று.

“மூணு எப்ப வரும்னு தெரியாம நிக்கிறது கஷ்டமா இல்லையா அக்கா?”

“எந்திரிக்கிறது அவங்க. நாளு குறிக்கிறது நானா?” என்றார்.

கச்சேரி கேட்கத் தெரிந்தவர்கள் பாடகர் பாடிய இடத்துக்கு மட்டும் தலையாட்டுவதில்லை, சட்டென்று நிறுத்திய இடத்துக்கும் ஆட்டுவார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்கா கை வைத்த இடங்களைவிட வைக்காமல் விட்ட இடங்களைத்தான் அதன் பிறகு நான் பார்க்க ஆரம்பித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அது நிறைய கிடைத்தது. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து விழுந்துவிடும். கண் பார்க்கிறது, மனசு எடுத்துக்கொள்வதில்லை. பெரியம்மாவுக்கு அது இருக்கிறது. தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, “போதும், ஒண்ணுமில்ல தட்டுல” என்பார். இடப்பாதியில் பொரியலும் மீனும் அப்படியே இருக்கும். தட்டை அரைவட்டம் திருப்பினால் அவர் பார்வைக்கு வந்துவிடும். அண்ணி அப்படித்தான் செய்வார், அதில் தப்பில்லை, வயிறு நிறைய வேண்டுமே. அக்கா சில நேரம் திருப்புவார், சில நேரம் திருப்ப மாட்டார். பெரியம்மா பசியோடு இருக்கும்போது, மனசு தெளிவாக இருக்கும்போது, தட்டைத் தொடாமல் இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, “கெழங்கான் எங்க போச்சு டீச்சர்? நான் வச்சனே” என்பார். பெரியம்மா குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பித் தேடுவார். வலக்கை தட்டின் மேலே நகர்ந்து நகர்ந்து நடுவைத் தாண்டும். மீன் கிடைத்ததும் முகத்தில் வரும் வெற்றியை, ஒரு காலத்தில் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் முகத்தில் அவரே பார்த்திருப்பார்.

களைத்துப்போன இரவுகளில் இந்த விளையாட்டு கிடையாது. அண்ணியிடம் சொல்லிவிட்டே போவார், “ராத்திரி தட்டைத் திருப்பிடுங்க அண்ணி, சோதிக்காதீங்க.” எப்போது விட்டுக்கொடுப்பது என்ற கணக்கும் இந்தக் கலைக்குள்தான் வருகிறது.

கிழங்கான் நோயாளி மீன் என்று இந்தக் கரையில் பெயர். சதை மிருது, காரம் கேட்காது. ஆனாலும் முள் முள்தான். அக்கா மூன்று விரலால் சதையை உதிர்த்து, கண்ணால் பார்க்காமல், பேசிக்கொண்டே தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது என்பது அவர் ஊர்ப் பாடம். பொன்னி அரிசியைக் குழைய வடித்திருப்பார். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குத் தண்ணீர்தான் எதிரி. சோறு மெல்ல இறங்கும், தண்ணீர் விருட்டென்று ஓடி மூச்சுக்குழாயில் சிந்திவிடும், அது நுரையீரலுக்குப் போனால் காய்ச்சல். அதனால் பெரியம்மாவுக்குத் தெளிந்த மோர் கிடையாது, கெட்டியாகக் கரைத்ததுதான். நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, கரண்டியைக் கீழிருந்து கொண்டுவருவார். மேலிருந்து கொண்டுபோனால் தலை அண்ணாந்துவிடும், வழி தப்பிவிடும். சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் படுக்க விடமாட்டார்.

ஒவ்வொரு நாலைந்து வாய்க்கும் ஒரு கேள்வி கேட்பார். வாய் காலியான பிறகுதான் கேட்பார். “உங்க கிளாஸ்ல படிச்ச அந்த போட்டுக்காரர் பையன் இப்ப எங்க டீச்சர்?” “புதுக்கோயில் கட்டுனப்போ நீங்க எந்த ஊர்ல வேலை பார்த்தீங்க?” வம்பளக்கிறார் என்று நான் நினைத்தேன், சாப்பிடும்போது பேசாதே என்று வளர்க்கப்பட்டவன் ஆயிற்றே. பிறகுதான் புரிந்தது, அவர் பதிலைக் கேட்கவில்லை, குரலைக் கேட்கிறார். தொண்டையில் ஏதாவது தேங்கியிருந்தால் குரல் ஈரமாக, கொழகொழவென்று வரும். அப்படி வந்தால் கரண்டி கீழே போய்விடும். “இருமுங்க டீச்சர்.” மருத்துவர்கள் செய்கிற ஒரு சோதனையை ஊர்க்கதையாக மாற்றிவிட்டார். பெரியம்மாவுக்கு இன்றுவரை அது சோதனை என்று தெரியாது. அதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் உண்டு: கேள்விகள் எல்லாம் பெரியம்மா பெருமையாகப் பதில் சொல்லக்கூடியவை.

குளியலில் தண்ணீர்ச் சூட்டை அக்கா தன் கையால் பார்த்தது போதாது என்று பெரியம்மாவின் வலக்கையிலும் ஊற்றிக் கேட்பார். இடப்பக்கத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். நைட்டி போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இதைச் சொன்னால் சுலபம், மாற்றிச் செய்து பார்த்தால்தான் எவ்வளவு அவதி என்று தெரியும். பெட்பேன் வைக்கும் நேரத்தில் மட்டும் காரைக்கால் பண்பலை சத்தமாகிவிடும். நான் கூடத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அந்த ரேடியோவை நானே அணைத்ததாகிவிடும்.

பெரியம்மா படுக்கையில் குறுக்கே ஒரு பழைய சுங்கடிச் சேலை மடித்துப் போட்டிருக்கும். ஆளை நகர்த்த வேண்டுமென்றால் அந்தச் சேலையோடு சேர்த்துத்தான் நகர்த்துவார்கள், தோல் மெத்தையில் உரசாது. புதுத் துணி கூடாது, ஆண்டுக்கணக்கில் வெளுத்துப் பஞ்சாகிப்போனதுதான் சரி. ஒரு மடிப்பு, ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. உணர்வு குறைந்த உடம்புக்கு அடியில் ஒரு சுருக்கம் கிடந்தால் சில மணி நேரத்தில் அது புண்ணுக்கு வழி திறந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, முழுக்கக் கவிழ்க்காமல் தலையணை கொடுத்துச் சாய்த்து, குதிகாலுக்குக் கீழே எதுவும் படாமல் கெண்டைக்காலுக்குத் தலையணை வைப்பார். குதிகால் அந்தரத்தில் நிற்கும். தினமும் மாலை இடுப்பெலும்பு, வால் எலும்பு, கணுக்கால் எல்லாவற்றையும் பார்ப்பார். புத்தகத்தில் ‘சிவந்திருக்கிறதா பார்’ என்று எழுதியிருப்பார்கள். எங்கள் பெரியம்மா நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அக்கா புறங்கையை வைத்துப் பார்ப்பார். மற்ற இடத்தைவிடச் சூடா, கெட்டியா, அழுத்தினால் வலிக்கிறதா. நல்ல தோல் எப்படி இருக்கும் என்று தினமும் தொட்டு வைத்திருப்பவருக்குத்தான் கெட்டது எது என்று தெரியும்.

காற்று மெத்தையும் வாங்கியிருக்கிறார்கள். அக்காவுக்கு அதன்மேல் முழு நம்பிக்கை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேறொரு வீட்டில் ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கரண்டு போனது போனதுதான், பம்பு நின்று மெத்தை சப்பையாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் வேலை பார்க்கிற வீட்டில் ஒரு பருத்தி மெத்தை பரணில் தயாராக இருக்க வேண்டும். அதேபோல் கட்டில் போட்டிருக்கும் இடமும். கட்டிலிலிருந்து வாசலுக்கு ஒரே திருப்பம்தான். நடுவில் ஸ்டூல், டீப்பாய் எதையும் வைக்க விடமாட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கரையில் அதைக் கேட்பது அசட்டுத்தனம்.

செவ்வாயன்று பிசியோதெரபிஸ்ட் வந்தார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வரும் என்பதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதே திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது என்பது எனக்குப் பெரியம்மாவால்தான் தெரிந்தது. வந்த பெண் சின்னவர், வேகமானவர். தோளை, மணிக்கட்டை, விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்கிக் காட்டினார். போகும்போது ஒரு யோசனை சொன்னார். படிக்கும்போது வரியின் முதல் பாதி விட்டுப்போகிறதென்றால் பக்கத்தின் இடது ஓரத்தில் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு போடுங்கள், அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்த பிறகுதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள் என்றார்.

அந்தக் கோடு விழுந்தது அக்காவின் நோட்டில். ஒரு நாற்பது பக்க நோட்டு. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் படுக்க வைத்தது, எவ்வளவு கஞ்சி, பிரஷர் எவ்வளவு, மோஷன் போனதா என்று எழுதுவார். பெரியம்மாவுக்குச் செந்நிறப் பேனாவைக் கண்டால் கை சும்மா இருக்காது. தினமும் மாலை நோட்டை வாங்கித் திருத்துவார். ‘படுக்கவைத்தேன்’னில் ஒற்று வராது, ‘வலது’வுக்கு ‘ள’வா போடுவ என்று திட்டு வேறு. எட்டாம் வகுப்போடு நின்றுபோன அக்கா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

நான் அந்த நோட்டைப் புரட்டினேன். வார ஆரம்பத்துப் பக்கங்களில் பிழைகள் எல்லாம் வரியின் வலப்பாதியில். பெரியம்மா எல்லாவற்றையும் பிடித்திருந்தார். புதன்கிழமை நடுவில் ஒன்றிரண்டு. வியாழன், வெள்ளி வந்தபோது பிழைகள் இடப்பக்கமாக நகர்ந்திருந்தன. சிவப்புக் கோட்டை ஒட்டிய முதல் சொல்லிலேயே ஒரு பிழை. அதையும் பெரியம்மா பிடித்திருந்தார், வட்டம் கொஞ்சம் கோணலாக. முந்தைய மாதப் பக்கங்களில் அதே சொல்லை அக்கா சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

கேட்டேன். “எனக்கு எழுத்து வர்றது அவ்ளோதான் தம்பி” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

ஆளைத் தானே தேடவைத்துவிட்டு விலகி நிற்கிற இந்த வித்தையை நான் எங்கும் படித்ததில்லை, ஆனால் இதன் வம்சம் பழையது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966இல் உருவான மறுவாழ்வு நிலையத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. அவர் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் யாரோ ஒருவர் நாற்காலியை மேசைக்குச் சரியான தூரத்தில் கொண்டுவந்து பிரேக் போட்டிருக்க வேண்டும். போட்டுவிட்டு நகர்ந்து நின்றிருக்கவும் வேண்டும்.

அக்காவை ‘வேலைக்கு வர்ற பொம்பளை’ என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். சம்பளமும் அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான். தமிழ்நாட்டில் 2007இலேயே வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் வந்துவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது, இந்தியா இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. அதே அமைப்பு 2018இல் போட்ட கணக்கின்படி, சம்பளமே இல்லாமல் 64 நாடுகளில் நடக்கும் பராமரிப்பு வேலை ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். அதில் முக்கால் பங்கு பெண்களுடையது. அண்ணியின் இரவுகளும் அதற்குள் எங்கோ இருக்கின்றன.

சனிக்கிழமை வேலைக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை திருவிழா. காவி கட்டிக்கொண்டு நடந்து வருகிற சொந்தபந்தமெல்லாம் அக்கா வீட்டில்தான் இறங்கும், அவருக்கு லீவு வேண்டும். அதற்குள் இவளைத் தயார் செய்ய வேண்டும். பெண்ணுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும். பலசாலி, நல்ல மனசு, அதுதான் தொல்லை. பெரியம்மா வலக்கையால் தலைவாரத் தொடங்கினால் சீப்பை வாங்கிவிடுவாள். டம்ளரை எடுக்கப் போனால் இவள் எடுத்து வாயருகே நீட்டிவிடுவாள். அக்கா அன்றைக்குச் சொன்னதெல்லாம் ஒரே சொல்: “கையை எடு.” ஒருமுறை கோபமாக, ஒருமுறை சிரித்துக்கொண்டு, கடைசியில் கண்ணாலேயே. சும்மா நிற்பதைக் கற்றுக்கொடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பதை அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்தால் தெரிந்தது, துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பெரியம்மா நைட்டியில் போக மாட்டார். சேலைதான். உட்கார்ந்தே இருக்கப்போகிறவருக்குச் சேலை கட்டுவது பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். படுக்கையிலேயே பாவாடை போட்டு நாடா முடிச்சை முன்பக்கம் கொண்டுவந்தார், பின்னால் இருந்தால் வண்டியில் அது முதுகெலும்பில் குத்தும். சேலையின் முதல் சுற்றை, ஒருக்களித்துப் படுக்கவைத்து அடியில் செருகி, மறுபக்கம் ஒருக்களித்து உருவினார். உட்காரும் இடத்தில் ஒரே ஒரு துணி மடி, அதுவும் நீவியது. கொசுவத்தைத் தன் இடுப்பில் வைத்து மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு, அப்படியே எடுத்துப் பெரியம்மாவுக்குச் செருகினார். நின்றால் தரை தொடும் நீளம் உட்கார்ந்தால் சக்கரத்தில் சிக்கும் என்பதால் நாலு விரல் ஏற்றம். முந்தானையை விசிறிவிடாமல் சுற்றிக் கொண்டுவந்து வலப்பக்கம் இடுப்பில் செருகினார். ஏன் வலப்பக்கம்? பெரியம்மா நல்ல கையால் அடிக்கடி இழுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டுமே. கண்ணாடியைப் பெரியம்மாவின் இடப்பக்கம் பிடித்தார். தேடிப் பார்த்துக்கொண்டார்.

1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட வேளாங்கண்ணிக் கோயிலைக் கீழ்த்திசை லூர்து என்பார்கள். பிரான்சில் இருக்கிற அந்த லூர்தில் 1885 முதல் நோயாளிகளை வண்டியில் வைத்துக் கொண்டுபோவதற்கென்றே ஒரு தொண்டர் சபை உண்டு. இங்கே அந்தச் சபை அவரவர் வீட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. மணல் வந்த இடத்தில் புதுப்பெண் வண்டியை முன்னால் தள்ளினாள், சின்னச் சக்கரம் புதைந்து நின்றது. அக்கா ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முதலில் போகும்படி பின்பக்கமாக இழுத்தார். பெரியம்மா போகிற திசைக்கு முதுகும் வந்த திசைக்கு முகமுமாக, கடைகளையும் மெழுகுவத்திகளையும், மணற்பாதையில் முழங்காலால் நடந்து வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டே போனார்.

பூசை முடிந்து காணிக்கைக் காட்சியகத்துக்கும் போக வேண்டுமென்றார். சுகமானவர்கள் நேர்ந்து செலுத்திய வெள்ளிக் கால், வெள்ளிக் கை, கண்மலர் என்று கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தட்டான் வேலை சிலவற்றில் நன்றாகவே இருக்கிறது, விரல் நகம்கூடத் தட்டியிருக்கிறார்கள். பெரியம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இவ்ளோ காலு இருக்கே, காலைத் தாங்கிப் பிடிச்சவ தோளு ஒண்ணாவது இருக்காடா?” என்று என்னைக் கேட்டார். அக்கா கேட்காதவர் போல வண்டிப் பிரேக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பெரியம்மா நோட்டையும் செந்நிறப் பேனாவையும் கேட்டு வாங்கினார். திருத்துவதற்கு அல்ல, புதுப்பெண்ணுக்கு விதிமுறைகள் எழுதித் தரப்போகிறாராம். அக்கா நோட்டின் மேல்விளிம்பை ஒரு கனமான ஜெபப் புத்தகத்தால் அழுத்தி வைத்தார், இடக்கை செய்ய வேண்டிய வேலை அது. மற்றபடி கிட்டேயே போகவில்லை. ஓரத்துக் கோட்டைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து தொடங்கி, பலகை எழுத்து மாதிரி பெரிது பெரிதாக எழுதினார். ஒன்று, வண்டியை வலப்பக்கம் நிறுத்தவும். இரண்டு, பிரேக் போட்டபின் ஆட்டிப் பார்க்கவும். மூன்று, எண்ணுவது நான். நான்கு, சீப்பைப் பிடுங்கக் கூடாது. ஐந்து, ரேடியோவை உரிய நேரத்தில் சத்தமாக வைக்கவும். ஆறு, குழம்பில் உப்புத் தாராளமாகப் போடவும், டாக்டர் அனுமதித்திருக்கிறார்.

புதுப்பெண் பயபக்தியோடு படித்து, ஆறுக்கும் தலையாட்டினாள். அக்கா பெரியம்மா கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வாரத்தில் முதன்முறையாக அனுமதி கேட்காமல், ஆறாவதை அடித்தார்.